எலி வளையானாலும் தனி வளை: தபால் மாமாவோட ஒரு வருஷ நினைவுல பேசுனது

(போன ஞாயித்துக்கிழமை, இலங்கை மலையகத்துல, நம்ம தேயிலைத் தோட்டத்து கோயில் மண்டபத்துல பேசுனது. ரெகார்ட் பண்ணுன தம்பியோட போன் பாதியில சார்ஜ் இல்லாம நின்னுருச்சு, மீதிய ஞாபகத்துல இருந்து எழுதுறேன். பேசாத நாலு வார்த்த கூட வந்திருந்தா பொறுத்துக்கங்க.)

எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில இருக்குற பிரதேச சபை தவிசாளர் ஐயா அவர்களே, சபை உறுப்பினர்களே, நம்ம கோயில் குருக்கள் ஐயா அவர்களே, கோயில் கமிட்டி தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, அவரு பக்கத்துல இருக்குற முன்னாள் அதிபர் அவர்களே (இவர விட்டா எனக்கு பிரச்சினை, எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவரு), கிராம சேவகர், நம்ம ஜீ.எஸ் ஐயா அவர்களே, மேல் டிவிசன் கீழ் டிவிசன் தலைவர்மார்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, மரணாதார சங்கத்து ஆளுங்களே. தோட்டத்து மேனேஜர் பெரிய தொரை வர முடியல, ஆனா ஸ்டோர்ல, அதான் தேயிலை பேக்டரியில இருந்து அம்பது கதிரை அனுப்பி வச்சிருக்காரு, அதுல தான் நீங்க எல்லாம் உக்காந்திருக்கீங்க, அதனால அவருக்கும் நன்றி சொல்லிக்கிறேன். அப்புறம் முக்கியமா, கம்பளையில இருந்து விடியக்காலை பஸ் ஏறி வந்திருக்குற நம்ம ஓய்வு பெற்ற தபாலதிபர் மஹத்தயா. இவருக்கு ஒரு தடவை நல்லா கை தட்டுங்க. இல்ல இல்ல, இன்னும் சத்தமா. அவருக்கு தமிழ் விளங்கும், பேசத்தான் வெட்கப்படுவாரு.

தம்பி, பொன்னாடை எனக்கு வேணாம்ப்பா. நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன், யாரும் கேக்குறதில்ல. ஒரு பொன்னாடை காசுக்கு ஒரு புள்ளைக்கு கொப்பி வாங்கலாம். சரி, போட்டாச்சு, இருக்கட்டும்.

நான் இன்னைக்கு மூணு விஷயம் பேசணும்னு எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, மாமா வீட்டுல எப்பிடி இருந்தாரு. ரெண்டு, ஊருக்கு என்ன செஞ்சாரு. மூணு, மன்மதன் ரதி கதைய ஆடுற காமன் கூத்துல அவரு ரதி வேஷம் கட்டுன கதை. மூணாவதுக்கு தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும்.

எங்க அம்மா ஒரு பழமொழி சொல்லும். எலி வளையானாலும் தனி வளை வேணும். பத்து அடிக்கு பன்னெண்டு அடி லயத்து காம்பராவுல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல ஒரே அறையில, ஒம்போது பேரு, நடுவுல சேலைய திரையா கட்டிக்கிட்டு படுத்திருக்குறப்ப சொல்லும். அப்போ எனக்கு விளங்கல, எலி மாதிரி தானே இருக்கோம், இதுல தனி வளை என்னத்துக்குன்னு நெனச்சேன். இந்த பழமொழிய இன்னைக்கு நான் ரெண்டு மூணு தடவை சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

மாமான்னு தான் எல்லாரும் கூப்பிட்டோம். தபால் மாமா. ஐடென்டி காட்ல இருக்குற பேரு இந்த கூட்டத்துல பத்து பேருக்கு தெரிஞ்சா பெருசு. ஸ்டோர்ல வேலை. பலகைப் பெட்டியில தேயிலை போன காலத்துல பெட்டி மேல மார்க் போடுறது இவரு வேலை. எழுத்து வெட்டுன தகட்ட வச்சு கறுப்பு மைய தேச்சா தோட்டத்து பேரு, தேயிலை ரகம் பி.ஓ.பியா டஸ்ட்டா, இன்வாய்ஸ் நம்பரு, எத்தனை கிலோன்னு எல்லாம் பெட்டியில விழும். அந்த தகட்ட ஞாபகம் வச்சிக்கங்க, பின்னாடி வரும்.

வீட்டுல எப்பிடின்னா, மாமி இங்க தான் உக்காந்திருக்கு, தப்பா சொன்னா எந்திரிச்சு திருத்தும். காலையில பெரட்டுக்கு, வேலைக்கு பேரு பதியுற எடத்துக்கு, மாமி ஓடணும். மாமா நைட் வேலை முடிச்சு வந்து தூங்க மாட்டாரு, அடுப்ப பத்த வச்சு ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு, மூணு பொம்பள புள்ளைங்களுக்கும் தலை பின்னி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பிட்டு தான் படுப்பாரு. ஆம்பள ஒருத்தரு தலை பின்னி விடுறத பாத்து லயமே சிரிச்சுச்சு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா, "தேயிலைப் பெட்டிக்கு தகடு அடிக்கத் தெரிஞ்சவனுக்கு ரெட்டப் பின்னல் என்ன பெரிய வேலையா"ன்னாரு. மழை நாள்ல மாமி இடுப்புல கட்டுற படங்கு ஈரமா இருந்தா அடுப்பு மேல காய வச்சு சூட்டோட எடுத்துக் குடுப்பாரு. அட்டைக்கடிக்கு சவுக்காரம் தேச்சு விடுவாரு. நம்ம ஆம்பளைங்க பேரு, அதான் அன்னைக்கு வேலை, ஒரு மணி ரெண்டு மணிக்கு முடிஞ்சா எங்க போவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்த கடை இன்னும் அங்கயே தான் இருக்கு. பொம்பளைங்க நாலரை அஞ்சு வரைக்கும் மலையில கொழுந்து பறிச்சிட்டு நிறுவைக்கு நிக்கணும். மாமா அந்த கடை பக்கம் போனதில்ல. பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சு, தபாலுக்கு போனாரு.

ஏன் தபாலுக்கு போனாரு, அது தான் நான் சொல்ல வந்தது.

1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம சனத்த ரெண்டு நாடும் பங்கு பிரிச்சுக்கிச்சு, 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்க, மீதி ஒன்றரை லட்சத்த அப்புறம் பாத்துக்கலாம்னு. பங்கு பிரிச்சப்ப மாமா குடும்பமும் பிரிஞ்சுச்சு. எழுபதுகள்ல அண்ணனும் ஆத்தாவும் போயிட்டாங்க, இவருக்கு இங்க கார்டு. இந்தியாவுக்கு போறவங்கள ஏத்திட்டு போன ரயில அழுகைக் கோச்சின்னு சொல்லுவாங்கல்ல, அதுல ஏத்தி விட்டுட்டு வந்தவரு. தலைமன்னார் போயி கப்பல்ல ராமேஸ்வரம், அங்க இருந்து கோத்தகிரி பக்கம். அப்புறம் கடதாசி தான் சொந்தம்.

ஒரு தீவாளிக்கு சுண்ணாம்பு அடிக்க தோட்டத்து ஆபிஸ்ல அலுமாரிய நகத்துனாங்க. பின்னாடி ஒரு கட்டு கடதாசி. அதுல ஒண்ணு மாமாவுக்கு. ஆத்தா செத்துப் போச்சுன்னு அண்ணன் எழுதுனது. நாலு மாசம் அங்கயே கெடந்திருக்கு. இந்த நாலு மாசத்துல மாமா என்ன செஞ்சாரு தெரியுமா, ஆத்தாவுக்கு குளிருக்கு கம்பளி அனுப்பவான்னு கேட்டு ரெண்டு கடதாசி எழுதியிருக்காரு.

யார் மேலயும் அவரு குத்தம் சொல்லல. நான் சொல்லுவேன். ஒரு ஆள் மேல இல்ல, முறை மேல. டவுன்ல, கிராமத்துல, கடதாசி வீட்டு வாசலுக்கு வரும். நமக்கு தபால் பை தோட்டத்து ஆபிஸ்க்கு வரும். அங்க மேசை, ஜன்னல், அலுமாரி. யாரு கண்ணுல பட்டாரோ அவரு கையில குடுத்து "அந்த லயத்துல குடுத்துரு". அவரு மறந்துட்டா அவ்வளவு தான். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு அம்மா சொன்னது இது தான்னு எனக்கு விளங்க ஐம்பது வயசாச்சு.

அடுத்த நாள் மாமா டவுனுக்கு நடந்து போயி தபால் கந்தோர்ல நின்னாரு. இந்த மஹத்தயா தான் அப்போ அங்க. "எங்க தோட்டத்து கடதாசிய நானே லயத்துக்கு லயம் குடுக்குறேன்"னாரு. சட்டப்படி முடியாதுன்னாரு மஹத்தயா. சரின்னு வெளிய படியில உக்காந்தாரு. மூணு நாள். நாலாம் நாள் மஹத்தயா ஆபிஸ்க்கு போன் போட்டு பேசி, பையோட கூடவே இவரும் போயி அங்கயே பிரிச்சு எடுத்துக்கலாம்னு ஒரு வழி பண்ணிக் குடுத்தாரு. சம்பளம் இல்ல. அலவன்ஸ் இல்ல. ஒரு குடை கூட யாரும் வாங்கிக் குடுக்கல. முப்பது வருஷத்துக்கு மேல.

இப்போ அந்த இன்டர்வியூ கதை. சிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க பாருங்க, பாதி பேருக்கு தெரியும், தெரியாத பாதிக்காக சொல்றேன்.

மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் எடுத்தாங்கல்ல, மாசம் 6,000 ரூபா குடுத்தாங்களே, அந்த நேரம். சாயந்தரம் நாலு மணிக்கு ஒரு ரெஜிஸ்டர் தபால். பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து, பேரு, தோட்டத்து பேரு, அவ்வளவு தான் விலாசம். அந்த பேர இங்க சொல்ல மாட்டேன், சொன்னா ஏழு பேரு எந்திரிச்சு நிப்பீங்க. ஆமா, ஒரே பேருல, ஒரே எழுத்துல, நம்ம ரெண்டு டிவிசன்லயும் சேத்து ஏழு பேரு. மாமா ஆளுங்க பேரு எழுதி வச்சிருந்த கொப்பிய பாத்து வரிசையா போனாரு. முதல் வீட்டுல பாட்டி, எண்பது வயசு. உள்ள இருக்குறத பிரிச்சு வாசிச்சு காட்டுனா, நாளைக்கு காலையில ஒம்போது மணிக்கு நுவரெலியாவுல நேர்முகப் பரீட்சை. பாட்டி வெத்திலைய துப்பிட்டு கேக்குது, "எனக்கா? எந்த ஸ்கூலுக்கு போடுறாங்க? தூரமா இருந்தா முடியாதுப்பா." ரெண்டாவது வீட்டுல அந்த பேருக்காரி தொட்டில்ல கெடக்கா, மூணு மாசம். மூணாவது அக்கா செத்து ஆறு மாசம், அவங்க வீட்டுக்காரரு கடதாசிய கையில வாங்கி ரொம்ப நேரம் வச்சிருந்தாராம், அங்க மாமா உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு தான் வந்தாரு. நாலாவது கொழும்புல வீட்டு வேலை. அஞ்சாவது எட்டாம் வகுப்போட நின்னது, ஆனா போயி பாக்கட்டுமான்னு கேட்டுச்சு, ஆசை யாரைத் தான் விட்டுச்சு! ஆறாவது வீடு பூட்டு. ஆடி மழை, ஆடிக் காத்து, குடை திரும்பி கம்பி மட்டும் கையில. ஏழாவது வீடு கீழ் டிவிசன் கடைசி லயத்து தொங்கல். அது தான் ஏ/எல் பாஸ் பண்ணுன புள்ள. புள்ளைய காணோம்! தலவாக்கலையில சித்தி மக சடங்குக்கு போயிருக்கா. சித்தி வீட்டு போன் வேலை செய்யல.

மணி எட்டு. பஸ் இல்ல. மாமா நேரா போயி, ஆட்டோவுல ட்யூன் போட்டுக்கிட்டு பாண், அதான் பிரெட், விக்கிற சூன் பாண் தம்பிய எழுப்புனாரு. தம்பி, நீ கூட அந்தா நிக்கிறியே, கைய தூக்கு. இருந்த ஒரே ஆட்டோ அது தான், பின்னாடி பாண் பெட்டியோட. கிளம்புனாங்க. கொட்டகல தாண்டுறதுக்குள்ள மழையில வயர் நனைஞ்சு அந்த ட்யூன் தானா அடிக்க ஆரம்பிச்சிருச்சு, நிக்க மாட்டேங்குது. ராத்திரி ஒம்போது மணிக்கு, பத்தனை சந்தியில, பாண் வந்திருச்சுன்னு சனம் போர்வையோட காச எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வருது! நிறுத்தாம போனா ஏசுறாங்க. டெவோன் வளைவுல ஒரு பொலிஸ் மாத்தயா மறிச்சு, லைசன்ஸ் கேக்கல, மீன் வச்ச மாலு பாண் ரெண்டு கேட்டாரு. பெட்டியில மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு தான், குடுத்துட்டு போனாங்க. சடங்கு வீட்டு வாசல்ல அந்த ட்யூனோட போயி நிக்க, ஸ்பீக்கர் பாட்ட நிப்பாட்டிட்டு எல்லாரும் வெளிய வந்து பாக்குறாங்க, மாமா நனைஞ்ச கோழி மாதிரி எறங்கி, சட்டைக்குள்ள பிளாஸ்டிக் பைய வச்சு மடிச்ச கடதாசிய எடுத்து, "கையெழுத்து போட்டு வாங்கும்மா, ரெஜிஸ்டர் தபால்"னாரு.

அந்த புள்ள அடுத்த நாள் சடங்கு வீட்டு சாரியோடயே நுவரெலியா போயிருச்சு. இப்போ நம்ம ஸ்கூல்ல டீச்சர். ரெண்டாவது வரிசையில உக்காந்து அழுதுகிட்டு இருக்காங்க, அவங்கள யாரும் திரும்பி பாக்காதீங்க.

சிரிச்சாச்சு. இப்போ நான் ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு மாமாவுக்கு காய்ச்சல்னா என்ன ஆயிருக்கும்? சூன் பாண் தம்பி வேற தோட்டத்துக்கு போயிருந்தா? ஒரு புள்ளையோட வாழ்க்கை ஒரு மனுசனோட கால் வலியிலயும் ஒரு பாண் ஆட்டோ பேட்டரியிலயுமா தொங்கணும்? நல்ல மனுசன்னு மாலை போட்டு கும்பிட்டுட்டு போறது லேசு. கதவுல நம்பரும் ரோட்டுக்கு பேரும் இருந்திருந்தா மாமா அன்னைக்கு வீட்டுல மாமியோட உக்காந்து சோறு தின்னிருப்பாரு.

2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்த தோட்டத்துல மண்சரிவு. எல்லா வீட்டுலயும் ஒரு சுண்டு அரிசி வாங்கி, பழைய துணி கட்டி, மாமா லொறியில கொஸ்லந்தைக்கு போனாரு. மண்ணுக்குள்ள போனது எத்தனை பேருன்னு நாளுக்கு ஒரு கணக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வந்தவரு மூணு நாள் சரியா பேசல. நாலாம் நாள் ஸ்டோர் பின்னாடி தேடுறாரு. தேயிலைக்கு பலகைப் பெட்டி போயி பேப்பர் மூட்டை வந்தப்ப ஓரமா எறிஞ்ச தகடுங்க. ஒண்ணுல இருந்து பூச்சியம் வரைக்கும் எல்லா நம்பரையும் தேய்ச்சு எடுத்தாரு. கோயிலுக்கு அடிச்ச மிச்ச பெயின்ட். மேல் லயம் முதல் காம்பராவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு கதவுலயும் நம்பர் போட்டாரு. தேயிலைப் பெட்டியில இருந்த அதே எழுத்து, அதே அளவு. கொப்பியில ஒவ்வொரு நம்பருக்கும் நேரா யாரு யாரு இருக்காங்க, புள்ளைங்க பேரு, வயசு.

ரெண்டு வாரத்துல அழிக்க சொல்லி ஆர்டர் வந்துச்சு. யாரு சொன்னாங்கன்னு வேணாம், இன்னைக்கு கதிரை குடுத்தவரு இல்ல, அத மட்டும் சொல்லிக்கிறேன். கட்டடம் கம்பெனி சொத்தாம், அதுல யாரும் எதுவும் எழுதக் கூடாதாம்.

பாருங்க, 1867ல லூல்கந்துரவுல தேயிலை போட்டதுல இருந்து, 1883ல கொழும்புல ஏலம் ஆரம்பிச்சதுல இருந்து, தேயிலைக்கு விலாசம் இருக்கு. லண்டனுக்கு போற தேயிலை எந்த மலையில, எந்த தோட்டத்துல, எந்த இன்வாய்ஸ்ல வந்துச்சுன்னு தேடிக் கண்டு பிடிச்சிரலாம். அத பறிச்ச பொம்பளைக்கு வந்த கடதாசி மூணு மைல் தூரத்துல அலுமாரி பின்னாடி காணாம போகுது. 1823ல நம்ம முன்னோர தென்னிந்தியாவுல இருந்து கம்பளைக்கு கோப்பி தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்தாங்க, 200 வருஷம்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்க, நானும் கடைசி ரெண்டு நாள் நடந்தேன், கால் வீங்கிருச்சு. 1948ல பிரஜாவுரிமைய எடுத்தாங்க, 2003 சட்டத்துல மிச்சம் இருந்தவங்களுக்கும் குடுத்தாங்க. அந்த பாரம் நிரப்ப மாமா எத்தனை பேர கூட்டிட்டு பிரதேச செயலாளர் ஆபிஸ்க்கு அலைஞ்சாருன்னு கணக்கே இல்ல. நாட்டுக்கு பிரஜை ஆயாச்சு. வீட்டுக்கு?

தவிசாளர் ஐயா இருக்காங்க, அதனால இதையும் சொல்லிடுறேன். 1987 பிரதேச சபை சட்டத்துல 33ம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, அத காட்டி தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க முடியாதுன்னு முப்பது வருஷம் சொன்னாங்க. 2018ல அத திருத்தியாச்சு. அப்போ இப்போ என்ன தடை? ரோட்டுக்கு பேரு வச்சு ஒரு பலகை நட எவ்வளவு செலவாகும்? ஐயா சிரிக்கிறாங்க, சிரிச்சா சம்மதம்னு எடுத்துக்கிறேன், மினிட்ஸ்ல எழுதிக்கங்க.

காணியும் அதே தான். ஏழு பேர்ச்னு எத்தனை தேர்தலா கேக்குறோம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச், ஏழு பேர்ச்னா ஆயிரத்து தொளாயிரம் சதுர அடி, அவ்வளவு தான், ஒரு அரண்மனை இல்ல. வீடு கட்டிக் குடுத்த எடத்துல கூட காணி உறுதிப் பத்திரம் கைக்கு வராம இருக்குறவங்க எத்தனை பேரு. 2025 நவம்பர் டித்வா புயல் மழையில மலை சரிஞ்சத மாமா பாக்காமயே போயிட்டாரு. வீடு போனவன்ட்ட காணி உறுதி எங்கன்னு கேட்டா லயத்துல இருந்தவன் என்னத்த எடுத்து காட்டுவான்? எலி வளையானாலும் தனி வளை. எலிக்கு கூட அது தோண்டுன மண்ணு அதுக்கு சொந்தம்.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பிட்டாரு, "சுருக்கவும்"னு. மூணாவது விஷயம், ரதி வேஷம், அது மாசியில காமன் நட்டப்புறம் ராத்திரி உக்காந்து பேச வேண்டியது, பகல்ல மைக்ல சொன்னா மாமி கோவிச்சுக்கும். இப்பவே மொறைக்குது.

ஒண்ணே ஒண்ணு. மாமா கடைசி நாள்ல ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் போனேன். அட்மிட் பண்ணுன அட்டையில விலாசம்னு ஒரு கட்டம், அதுல நர்ஸ் தோட்டத்து பேர மட்டும் எழுதியிருந்தாங்க. மாமா பேனாவ வாங்கி, கை நடுங்க நடுங்க, முன்னாடி 23ன்னு போட்டாரு. அவங்க வீட்டு கதவு நம்பர். அழிக்க சொன்னதுக்கு அப்புறம் எல்லாரும் மேல சுண்ணாம்பு அடிச்சோம், பயந்து தான் அடிச்சோம், நானும் தான். மாமி மட்டும் அடிக்கல. போறப்ப பாருங்க, 23 இன்னும் தெரியும்.

வாசல்ல மேசை போட்டிருக்கு. அதுல ரெண்டு பாரம், ஒண்ணு பிரதேச சபைக்கு, ஒண்ணு தபால் திணைக்களத்துக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர், ஒவ்வொரு ரோட்டுக்கும் பேரு, வாசலுக்கு தபால், இவ்வளவு தான் கேட்டிருக்கோம். விலாசம்னு இருக்குற கட்டத்துல "கீழ் லயம்"னு மட்டும் எழுதிட்டு போயிராதீங்க. மாமா போட்ட நம்பர எழுதுங்க. மறந்து போயிருந்தா டீச்சர்ட்ட கேளுங்க, மாமாவோட கொப்பி இப்போ அவங்க கையில தான் இருக்கு. பேனா மூணு தான் இருக்கு, எழுதுனதும் அடுத்த ஆளுக்கு குடுத்துருங்க, பாக்கெட்ல போட்டுக்கிட்டு போகாதீங்க. தேத்தண்ணியும் வடையும் மண்டபத்துக்கு பின்னாடி. மஹத்தயாவுக்கு பஸ் இருக்கு, அவருக்கு முதல்ல குடுங்க.